வந்து சொன்னவர்

இருதயராஜ் ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் இருபது வருடம் இருந்தவர். ஓய்வு பெற்றபின் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்ந்தார். மின்னஞ்சலைக் காக்கும் வேலையை அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் உமையாள். வயதில் இளையவர்தான். ஆனாலும் இருதயராஜுக்கு அவர் சொல்தான் வேதவாக்கு.

ஒரு திங்கட்கிழமை காலை, கண்காணிப்பாளர் அனுப்பியதுபோல் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. பணி நேரம் மாறியிருக்கிறது, பாஸ்வேர்டு கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள் என்றது. போலி மெயில்களைத் தடுக்கும் வடிகட்டிகள் அதைப் பிடிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஆய்வகத்து செண்பகலட்சுமி மூன்று மாடி ஏறி ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"மேடம், தப்பு பண்ணிட்டேன். பாஸ்வேர்டு கொடுத்துட்டேன்."

உமையாள் ஒன்றும் கேட்கவில்லை. மெயில் சேவையை நிறுத்தினார். எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றினார். அதற்குள் வெளியாள் எவனோ உள்ளே நுழைந்து, ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் இருக்கும் மின்னஞ்சல் பெட்டி வரை வந்துவிட்டிருந்தான். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் அத்தனையும் அழிந்திருக்கும். அந்த அறிக்கைகளை நம்பி அன்று நான்கு குழந்தைகள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தார்கள்.

மதியத்துக்குள் எல்லாம் சரியானது. இருதயராஜுக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. ஓர் அறிவிப்பை அடித்து எடுத்துவந்து நீட்டினார்.

"செண்பகலட்சுமி பேரை அறிவிப்புப் பலகையில ஒட்டணும் மேடம். இத்தனை காவல் போட்டும் எப்படி உள்ளே வந்தான்? இவங்க விட்டதாலதானே?"

உமையாள் நிதானமாகப் படித்தார்.

"அந்த மெயிலுக்கு எத்தனை பேர் பாஸ்வேர்டு கொடுத்திருக்காங்கன்னு பதிவுல பாருங்க சார்."

பார்த்தார். மறுபடியும் பார்த்தார். முகம் மாறியது.

"பதினோரு பேர். முதல் ஆள் எட்டு மணிக்கே கொடுத்திருக்கார்."

"நம்மகிட்ட வந்து சொன்னது?"

"செண்பகலட்சுமி மட்டும்தான்." சற்றுத் தயங்கினார். "மத்தப் பத்துப் பேரையும் இதுல சேர்த்துடட்டுமா?"

உமையாள் தாளை மேசைமேல் வைத்தார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் ஒரு நர்ஸ் பேரை ஒட்டினோம். கையெழுத்துப் போட்டது நான். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஒருத்தர்கூட இந்தக் கதவைத் தட்டலை. இன்னைக்குத்தான் ஒருத்தங்க வந்திருக்காங்க."

இருதயராஜ் மேசையிலிருந்த தாளை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.