முதலாளியின் இடது கை

ஊட்டி மலையேறும் பழைய கார் பந்தயத்தில் மில் முதலாளி வெள்ளியங்கிரியின் அம்பாசடர்தான் முதலில் வந்தது. "கொண்டை ஊசி வளைவெல்லாம் நானே ஓட்டினேன்!" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். உண்மையில் ஓட்டியவன் டிரைவர் மாரப்பன்.

கோப்பை கொடுக்கும் விழாவுக்கு முன் அவனையே கூப்பிட்டார். "டேய், நம்ம கார் மாதிரியே முழ நீளத்துல ஒரு சின்னக் கார் செய். ஸ்டீயரிங் பிடிச்சு நான் உட்கார்ந்திருக்கணும். அன்னிக்கு நடந்தபடியே இருக்கணும். பிசகினா உனக்கு வேலை இல்லை!"

பொய்யை நடந்தபடி எப்படிச் செய்வது? மாரப்பன் மறுக்கவில்லை. தகரம் வெட்டி, வான நீலம் அடித்து, சிவப்பு வளையல் துண்டில் பின்விளக்கு வைத்தான். பானெட்டில் முதலாளி ஆசையாக மாட்டியிருந்த சிங்கத்தைக்கூட ஈயத்தில் வார்த்தான். கதவு திறந்தது, ஹாரன் அடித்தது!

மேடையில் துணியை விலக்கியதும் கூட்டம் விசிலடித்தது. ஆனால் முதலாளி பொம்மைக்கு இடது கையைக் காணோம்.

"கை எங்கடா?"

மாரப்பன் ஒரு தகரக் கையை நீட்டினான். "இந்தாங்க, கியர் போட்ட கை. ஓட்டினவர் நீங்க. அன்னிக்கு எங்கே வெச்சிருந்தீங்களோ, அங்கேயே நீங்களே மாட்டிடுங்க."

முதலாளி பெருமையாகக் குனிந்து, கியர் கீழே இருக்கிறது என்று நினைத்து, கை காரின் தரையைத் தொடுகிற மாதிரி மாட்டினார். அரங்கமே வெடித்துச் சிரித்தது. அந்தக் காருக்குக் கியர், ஸ்டீயரிங்குக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி!

"அப்ப ஓட்டினது யாரு?" என்றார் கோப்பை கொடுக்க வந்திருந்த பந்தயச் சங்கத் தலைவர்.

முன்வரிசையில் முதலாளியம்மா எழுந்தார். "மாரப்பன்தானுங்க. நாங்க ரெண்டு பேரும் பின்சீட்டுல கண்ணை மூடிக்கிட்டு இருந்தோம்."

கோப்பை மாரப்பன் கைக்கு வந்தது.

"போய் வண்டியை எடுடா!" என்று கத்தினார் முதலாளி.

"கை காலியா இல்லீங்களே," என்றான் மாரப்பன். "இன்னிக்கு நீங்களே ஓட்டிட்டு வாங்க."