மூணாவது பத்து

இல்லைன்னு தலையாட்டாத, பெனிட்டா. முப்பத்தொரு வருஷம்னா முப்பத்தொரு வருஷம்தான். ஒரு வீட்ல அத்தனை பேர் இருந்தும் எப்படித் தெரியாமப் போகும்னு கேக்குற. தெரியாமத்தான் போச்சு. மூத்த மக மெற்றில்டாவுக்கே அப்பா செத்து முப்பதாம் நாள்தான் தெரிஞ்சுது.

அவ அப்பா இஞ்ஞாசி கப்பல்ல இஞ்சின் ரூம் ஆளு. சாண்டோஸ், மொம்பாசா, ரோட்டர்டாம்னு அவரு கால் படாத துறைமுகம் இல்ல. ஒரு தடவை வாழைப்பழ வாசனை அடிக்கிற சோப்பு கொண்டு வந்தாரு, கடைசிப் பய அதைக் கடிச்சே போட்டான். அது வேற கதை. எங்க போனாலும் கையில ரெண்டு வாட்ச் கட்டியிருப்பாரு. ஒண்ணு அந்த ஊரு நேரம், ஒண்ணு வீட்டு நேரம்.

வீட்டு நேரம் எதுக்குன்னா, இங்க சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை, அதே நேரத்துல அவரும் அங்க மாலையை எடுப்பாரு. ஜெபமாலைக்கு அஞ்சு பத்து; 'அருள் நிறைந்த மரியே' பத்துத் தடவை சொன்னா ஒரு பத்து. அவங்க வீட்ல ஆளுக்கு ஒரு பத்து. மூணாவது அப்பாவோடது. அவரு முதல் தடவை கப்பலேறின அன்னைக்கு, ரெண்டு பத்து முடிஞ்சதும் அம்மா செலஸ்தீன் நிறுத்திட்டா. "அவிய பத்தை அவிய அங்க சொல்லிக்கிடுவாவ. நாம பேசாம இருப்போம்."

அன்னைலருந்து முப்பத்தொரு வருஷமா அதே பழக்கம். மூணாவது பத்து வந்தா வீடே கண்ணை மூடிக்கிட்டு மூச்சுக் காட்டாம இருக்கும். அப்புறம் நாலாவது. அவரு லீவுல வந்தா அவரே சொல்லிடுவாரு. யாருக்குச் சந்தேகம் வரும்?

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு, சாப்பாட்டுக்கு முன்னாடி அப்பாவைப் பத்தி மெற்றில்டா நாலு வார்த்தை வாசிக்கணும். எழுதி வச்சிருந்ததைக் காட்ட, கோயில்ல ஜெபம் சொல்லிக் குடுக்கிற உபதேசியார் பஸ்கால்கிட்ட போனா. சாவு வீட்ல ஜெபம் நடத்த அவருகிட்டத்தான் ஆறு வருஷமாப் படிக்கிறா. உபதேசியார்னதும் மேடையில நிக்கிற ஆளுன்னு நெனைக்காத. கொல்லையில உக்காந்து பந்திக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாரு. பக்கத்துல அப்பாகூடக் கப்பல்ல இருந்த ரெமிஜியுஸ்.

மெற்றில்டா வாசிச்சா. "எந்தக் கடல்ல இருந்தாலும் அப்பா தன் பத்தை விட்டதே இல்லை."

"சொல்ல மாட்டாரே, தாயி," ன்னாரு ரெமிஜியுஸ்.

"யாரு மாமா?"

"உங்க அப்பாதான். ரெண்டு பத்து எங்கூட வாய்விட்டுச் சொல்லுவாரு. மூணாவது வந்தா கையை நீட்டித் தடுத்துருவாரு. 'இப்போ வீட்ல எனக்காவ சொல்லுதாவ, பேசாத'ம்பாரு. மாலையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா இருப்பாரு. ஒம்பது வருஷம் ஒரே ரூம்ல பாத்தேன்லா."

மெற்றில்டா வெங்காயச் சாக்கு மேலயே உக்காந்துட்டா.

"அவரு சொல்றாருன்னு நாங்க. நாங்க சொல்றோம்னு அவரு."

உபதேசியார் உரிச்சுக்கிட்டே இருந்தாரு.

"ஐயா, அம்மா காதுல விழுந்தா தாங்க மாட்டா. இத்தனை பேரு முன்னாடி நான் இதை எப்படி வாசிக்க? பொய்யில்லையா?"

"அந்த நேரத்துல உனக்கு என்ன கேக்கும்?"

"எந்த நேரத்துல?"

"மூணாவது பத்துல."

"ஒண்ணும் கேக்காது. யாரும்தான் பேச மாட்டோமே."

"ஒண்ணுமேவா?"

"அப்பா குரல் கேக்கும். தொண்டையைச் செருமிட்டுத்தான் ஆரம்பிப்பாரு. 'அருள் நிறைந்த'ன்னு சொல்லும்போது கொஞ்சம் இழுப்பாரு..."

உபதேசியார் ரெமிஜியுஸ் பக்கம் திரும்பினாரு. "அவருக்கு?"

"இவ குரல்தானாம். 'மூத்தவ ஓட்டுதா பாரு, ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி'ன்னு தனியாச் சிரிப்பாரு."

"மெதுவாச் சொல்லுன்னு ஆறு வருஷமா நானும் சொல்லிப் பாத்துட்டேன்," ன்னாரு உபதேசியார்.

மெற்றில்டா சிரிக்கல. "ஆனா யாரும் சொல்லல ஐயா. அப்பா வீட்ல இல்லாத நாள்ல அந்தப் பத்தை ஒரு தடவைகூட யாரும் சொல்லல."

"சொல்லல."

"அப்போ நாங்க என்னதான் செஞ்சோம்?"

உபதேசியார் கையைத் துடைச்சுக்கிட்டு அவ தாளை வாங்கி ஒரு தடவை படிச்சாரு. திருப்பிக் குடுத்தாரு.

"நாலு பத்து சொன்னீங்க. ஒரு பத்து கேட்டீங்க. தாள்ல மாத்தணும்னா மாத்து."

உள்ள பந்திக்கு இலை போடுற சத்தம். மெற்றில்டா தாளையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. மாத்துறதுக்குப் பேனா கேக்கல.

ஏட்டி பெனிட்டா, தூறுது பாரு. அந்தக் கருவாட்டை உள்ள எடுத்துட்டு வா.