பூஜ்யம் போட்ட கட்டம்

"கணக்குப்படி பார்த்தா அந்தப் பாலம் போன சித்திரையிலயே வளைஞ்சிருக்கோணும் டீச்சர்" என்றாள் கலாமணி.

"வளைஞ்சுதா?"

"இல்லைங்க. நேத்துகூட அதுலதான் நடந்து வந்தனுங்க."

"அப்போ பாலத்துக்குக் கணக்கு வராது போல" என்றாள் ஜெசிந்தா.

கலாமணி நகராட்சிப் பொறியாளர். ஜெசிந்தா அவளைவிடப் பத்து வயது இளையவள். ஒரு கட்டுமானம் எங்கே நோகும், எங்கே உடையும் என்று கணினியில் பார்க்கக் கற்றுக்கொடுப்பவள். பெரியவள் சின்னவளை டீச்சர் என்பாள், டீச்சர் மாணவியை அக்கா என்பாள். ஈரோட்டில் அந்த ஓர் அறையில்தான் இந்தக் கூத்து.

பாலம் என்றால் பெரிய பாலம் இல்லை. வாய்க்காலுக்கு மேலே ஓர் இரும்பு நடைபாலம். இந்தப் பக்கம் காலனி, அந்தப் பக்கம் சந்தை. பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாலத்தை மூடுவதா, திறந்தே விடுவதா என்று சாயங்காலத்துக்குள் கலாமணி சொல்லியாக வேண்டும்.

மூடினால் காலனிக்காரர்கள் பைபாஸ் ரோட்டைக் கடந்துதான் சந்தைக்குப் போக வேண்டும். போன வருஷம் பெயிண்ட் அடிக்க மூடியபோது, ஒரு பூக்காரம்மாவை அங்கே லாரி அடித்துவிட்டது. அவளிடம்தான் கலாமணி பூ வாங்கிக்கொண்டிருந்தாள்.

திறந்து விட்டு, வெயிலில் பாலம் வளைந்தால்? அதையும் அவளால் நினைக்க முடியவில்லை.

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். கலாமணி வரைந்த பாலம் செக்கச் செவேலென்று, நடுவில் முதுகு வளைந்து நின்றது.

"மேற்கு முனையை என்ன செஞ்சீங்க?"

"கட்டிட்டனுங்க. அங்க போல்ட் போட்டு இறுக்கியிருக்குது."

"கிழக்கு முனை?"

"அது சும்மா திண்டு மேல உக்காந்திருக்குதுங்க. சூடேறி நீளுச்சுன்னா நகரட்டும்னு, நீளவாக்குல ஒண்ணுமே கொடுக்கலைங்க."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

ஜெசிந்தா திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். கிழக்கு முனை நீளவாக்கில் எவ்வளவு நகரும் என்று கேட்கும் கட்டம். அதில் 0 இருந்தது.

"அதேதானுங்க. ஒண்ணும் கொடுக்கலைன்னா பூஜ்யந்தானுங்களே?"

ஜெசிந்தா கலாமணியின் கையை இழுத்து மேஜைமேல் வைத்து, மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"கை எவ்வளவு நகருது?"

"பூஜ்யமுங்க."

பிடியை விட்டாள்.

"இப்போ?"

"இப்பவும் பூஜ்யந்தானுங்க."

"சரி" என்று ஜெசிந்தா ஆவி பறக்கும் டீ டம்ளரை எடுத்து அவள் விரலில் வைத்தாள். கை மடிக்கு ஓடிவிட்டது.

"மறுபடி வைங்க."

வைத்தாள். ஜெசிந்தா பழையபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டம்ளரைத் தூக்கினாள்.

டம்ளர் கிட்டே வருவதற்குள் கலாமணிக்குத் தோள்பட்டை இறுகிக் கழுத்துவரை வலித்தது.

"போதுமுங்க, விடுங்க. பூஜ்யம்னா நகராம புடிச்சு வெக்கறதுங்களா!" என்றாள்.

உடனே கணினிப் பக்கம் திரும்பி, மளமளவென்று எல்லாக் கட்டங்களையும் காலி செய்தாள். ஆர்வக்கோளாறில் மேற்கு முனையையும் விட்டுவைக்கவில்லை.

கணினி கொஞ்ச நேரம் முனகியது. பாலம் திரையை விட்டே போய்விட்டது.

"எங்கீங்க போச்சு?"

"தெரியாது. இருன்னு யாரும் சொல்லல, கிளம்பிடுச்சு."

"பூஜ்யம் போட்டா வளையுது, போடலைன்னா ஓடிப்போகுது. நான் என்னதான் பண்றதுங்க?"

அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"யாரைக் கேக்கறீங்க?"

"உங்களைத்தானுங்க."

"நான் அந்தப் பாலத்தைப் பாத்ததே இல்லையேக்கா."

கலாமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மேற்கு முனைக்கு எல்லாத் திசையிலும் பூஜ்யம். கிழக்கு முனைக்கு மேலே கீழே பூஜ்யம், பக்கவாட்டில் பூஜ்யம். நீளவாக்கில் மட்டும் விரலை விசைப்பலகைமேல் வைத்து யோசித்து, எதுவும் போடாமல் எடுத்துக்கொண்டாள்.

பாலம் நீல நிறத்தில் சாதுவாக நின்றது. கிழக்கு முனை விரல் தடிமன்கூட நகரவில்லை. எங்கும் நோவு இல்லை.

"அப்பாடா. திறந்தே இருக்கட்டும்னு சொல்லிடறனுங்க."

"அந்தக் கட்டத்தைக் காலியாக்கினது யாரு?"

"நானுங்க."

"நீங்களா, பாலமா?"

கலாமணி விழித்தாள். "நீங்கதானுங்களே காலியா விடச் சொன்னீங்க."

"நான் எங்கே சொன்னேன்? டீ சூடா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"டீச்சர், எனக்கு ஒண்ணுமே புரியலைங்க."

"நேத்து நடந்து வந்தேன்னீங்களே. கிழக்கு முனையைக் குனிஞ்சு பாத்தீங்களா?"

"எதுக்குங்க? வரைபடத்துலயே இடைவெளி இருக்குதுங்களே."

ஜெசிந்தா கணினியை அணைத்துவிட்டாள்.

கலாமணி பாலத்துக்குப் போனபோது உச்சி வெயில். என்ன பார்க்க வந்தோம் என்றே அவளுக்குத் தெளிவாகவில்லை. டீச்சர்மேல் கோபமாகவும் இருந்தது. கிழக்கு முனையில் குடையை வைத்துவிட்டு மண்டியிட்டாள். இரும்பு முடிந்து கான்கிரீட் சுவர் தொடங்கும் இடத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்க வேண்டும்.

தடவிப் பார்த்தாள். விரல் எங்கேயும் நுழையவில்லை. வழவழவென்று இருந்தது.

பாலத்தடியில் கடை போட்டிருந்த இளநீர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்கம்மா தேடறீங்க?"

"இங்க ஒரு சந்து இருந்துச்சுங்களே."

"அதுங்களா? பொம்பளைங்க செருப்பு அதுல மாட்டிக்குதுன்னு தை மாசம் நாங்களே ஜல்லியும் சிமெண்டும் போட்டு அடைச்சுட்டமுங்க. நகராட்சியை எதிர்பார்த்தா ஆகுமுங்களா? இப்பத் தொந்தரவே இல்லைங்க."

கலாமணி உள்ளங்கையை இரும்பின்மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். காய்கறிப் பையோடு இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே அவளைத் தாண்டிப் போனார்கள்.

போனை எடுத்து ஜெசிந்தாவை அழைத்தாள்.

"டீச்சர், கிழக்கு முனை பூஜ்யமுங்க."



"அப்போ கட்டத்துல மறுபடி பூஜ்யம் போடணுமேக்கா. பாலத்தை மூடணுமே."

"கட்டம் அப்படியே காலியா இருக்கட்டுமுங்க" என்று போனை வைத்துவிட்டு, கலாமணி இளநீர்க்காரர் பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்ட கடப்பாரை இருக்குதுங்களா?"