கையேட்டைப் படிக்காதவர்

கோவில்பட்டி நூலக மாடியில், லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் இலவச உதவி. அதை நடத்தும் தன்னார்வலர்களுக்குத் தலைவர் தனுஷ்கோடி. அவரிடம் உதவிக்கு முன்னால் திட்டு கிடைத்துவிடும்.

செண்பகவல்லி லேப்டாப்பை நீட்டி, "சார், இதுல..." என்று ஆரம்பித்தாள்.

"ஏம்மா, நம்ம வெப்சைட்ல கையேடு போட்டிருக்கோம்ல? அதைப் படிக்காம இங்க யாரும் வாயே திறக்கக் கூடாது!"

"சரி சார். இதுலயே அதைத் திறந்து குடுங்க. இங்கயே உக்காந்து படிச்சிருதேன்."

தனுஷ்கோடி மிடுக்காகத் தட்டினார். பக்கம் திறக்கவில்லை. மறுபடி தட்டினார். நாற்காலியை விட்டு எழுந்து நின்றும் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, நெட்டே வரல?"

"அதைக் கேக்கத்தான் சார் வந்தேன். இப்ப நீங்க கேட்டுட்டீங்க. போய்க் கையேட்டைப் படிச்சிட்டு வாங்க."

சொல்லிவிட்டு அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "அடுத்து யாரு? என்ன பிரச்சினைன்னு வாயைத் திறந்து சொல்லுங்க" என்றாள்.