பூசையில் வைத்த மூடி

ஈரோட்டில் ஒரு மாடி வீட்டில் ஒரு வீணை இருந்தது. இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

சுகந்தி கல்யாணத்தோடு கொண்டுவந்த வீணை அது. சரஸ்வதி பூசையன்று வாத்தியத்தைத் தொடக் கூடாது என்பது ஒரு நாள் வழக்கம். அந்த வீட்டில் அது வருடம் முழுக்க நீண்டுவிட்டது. நாலு வயது மகள் மிதுலா பக்கத்தில் போனாலே, "சாமி பொருள், தொடாதே" என்று குரல் வரும்.

அதனால் மிதுலா சமையலறைக்குப் போனாள். இட்லிப் பானை மூடியைக் கவிழ்த்துக் கரண்டியால் தட்டி, வாய்க்கு வந்ததைப் பாடினாள். மூடி நசுங்கியது. பாட்டு நிற்கவில்லை.

இந்த வருடம் பூசைக்கு முன்பு சுகந்தியின் அண்ணன் தண்டபாணி போன் செய்தார். புதிய ஹோட்டலின் வரவேற்பறையில் அழகுக்கு வைக்க அவருக்கு ஒரு வீணை வேண்டுமாம்.

"சும்மாதானே கிடக்குது?" என்றார்.

"விஜயதசமிக்கு வந்து எடுத்துக்கங்கண்ணா" என்றாள் சுகந்தி. வீணைக்கும் அது கேட்டது.

பூசையன்று வீணைக்குச் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வைத்தார்கள். மிதுலா ஓடிப்போய் மூடியைத் தூக்கி வந்து அதன் அருகில் வைத்தாள்.

"என் வாத்தியத்துக்கும் பொட்டு வைம்மா."

சுகந்தி சிரித்துக்கொண்டே வைத்தாள்.

எல்லோரும் எழுந்து போனதும், "தள்ளி உட்காரு. ஆவி வாடை அடிக்குது" என்றது வீணை.

"காலையில இட்லி வெந்துச்சு. உன்மேல என்ன வாடை?" என்றது மூடி.

"சந்தனம்."

"போன வருசத்துதும் சேர்த்தா?"

வீணை பேச்சை மாற்றி, "நாளைக்கு என்னை ஹோட்டலுக்குக் கொண்டுபோறாங்க" என்றது.

"அங்கே வாசிப்பாங்களா?"

"கண்ணாடிக்குள்ள வைப்பாங்க."

மூடிக்குப் பாவமாகிவிட்டது. "உனக்குப் பாடணும்னு இருக்கா?"

"இருக்கு. பயமாவும் இருக்கு. தந்தியெல்லாம் துருப்பிடிச்சிருச்சு. அபஸ்வரம் வந்தா சிரிப்பாங்க."

"என்கிட்ட வர்றது எல்லாமே அபஸ்வரம்தான். அவ சிரிப்பா. சிரிச்சுட்டு மறுபடி தட்டுவா."

விஜயதசமி காலையில் மிதுலா மூடியை எடுத்துத் தட்டித் தீர்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"பூசையில வெச்சதை இன்னைக்கு வாசிக்கணும்னு சொன்னேல்ல? நான் வாசிச்சேன். நீ?"

சுகந்தியால் மறுக்க முடியவில்லை. சொன்னது அவள்தான். பாயில் உட்கார்ந்து வீணையை மீட்டினாள். கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. வீணை கூசிப்போனது.

மிதுலா குதித்தாள். "ஐ! இன்னொரு தடவை!"

சுகந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தந்தியை முறுக்கினாள். மிதுலாவின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்து மீட்டினாள். இந்த முறை ஸ்வரம் நேராக வந்து, கூடம் முழுக்க நின்றது.

அப்போது கையில் போர்வையோடு தண்டபாணி உள்ளே வந்தார். "சுத்தி எடுத்துட்டுப் போயிரட்டுமா?"

"தர முடியாதுண்ணா."

"அட, நீதானே எடுத்துக்கச் சொன்னே?"

"அப்ப இது சும்மா கிடந்துச்சு."

அவர் பதில் சொல்வதற்குள் மிதுலா ஒரு தட்டையும் கரண்டியையும் அவர் கையில் திணித்தாள். "மாமா, நீங்க இதைத் தட்டுங்க."

"கீழே வண்டி நிக்குது, கண்ணு."

"ஒரே ஒரு பாட்டு மாமா."

தண்டபாணி வாசலைப் பார்த்தார். வீணையைப் பார்த்தார். பிறகு போர்வையை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.