குத்துப்பாறைக்காரர்கள் பாலைவனம் பார்த்த கதை

கொடைக்கானலுக்கும் மேலே, கடைசி பஸ் போய்ச் சேர்ந்து பெருமூச்சு விடுகிற இடத்துக்கும் அப்பால், குத்துப்பாறை என்று ஓர் ஊர். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும். ஆட்கள் நல்லவர்கள். சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். ஒருமுறை சுற்றுலா வந்த ஒருவர், "இந்தக் குடையைக் கொஞ்சம் பிடிங்க, வந்துடறேன்" என்று கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அதை வாங்கிய குடும்பத்தில் இன்றைக்கும் முறை வைத்துப் பிடிக்கிறார்கள்.

அந்த ஊரில் சென்றாயனுக்கு நெஞ்சில் விசில். மூச்சை இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம். சித்திரையில் மெதுவாகக் கேட்கும், மார்கழியில் தெருக்கோடி வரை கேட்கும். அவர் மனைவி குருவம்மாள், கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டபடியேதான் தூங்குகிறாள். புருஷன் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவளுக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

கார்த்திகையில் அடிவாரத்து டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இந்தக் குளிரையும் மலையிலேயே கழிச்சீங்கன்னா அடுத்த சித்திரையைப் பார்க்க மாட்டீங்க. பங்குனி முடியிற வரைக்கும் மலையே ஏறக்கூடாது. வெயிலும் காய்ஞ்ச காத்துமா, மணல்காடா ஒரு இடம் பார்த்துப் போய் இருங்க."

"வீட்டை விட்டுட்டு வேற எங்கேயும் எனக்குத் தூக்கம் வராது சார்."

வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள். "அப்ப வீட்டையும் தூக்கிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக வீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். மூலைக்கு இரண்டு பேர் நின்று, ஒரே மூச்சில். தெற்குச் சுவரில் விரிசல் விழுந்தது. சென்றாயனின் பெரியப்பா மகன் பொம்முராசு, ஊரிலேயே அதிகம் யோசிக்கிறவர், கையைத் தட்டி நிறுத்தச் சொன்னார்.

"வீடு பூமியில ஒட்டியிருக்கு. ஒட்டாத வீடாப் பார்க்கணும்."

குருவம்மாளின் தம்பி மச்சக்காளையிடம் பழைய வேன் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியது. அவன் செல்போனில் தேடி, வெளிநாட்டில் குளிர்காலம் வந்தால் வண்டியையே வீடாக்கிக்கொண்டு பாலைவனம் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தான். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் வண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உடனே நாற்காலி வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் வண்டியின் சீட்டுகளைக் கழற்றினார்கள்.

கட்டில் போட்டார்கள், அம்மிக்கல் ஏற்றினார்கள். குருவம்மாள் உள்ளே சாணி மெழுகி, கதவில் மாவிலை கட்டி, பால் காய்ச்சினாள். பால் பொங்கி வழிந்து கியர் பெட்டிக்குள் இறங்கியது. நல்ல சகுனம் என்றார்கள்.

இனி பாலைவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குத்துப்பாறையில் விதைப்பூண்டு வாங்குவதென்றால் மாதிரி வராமல் யாரும் விலை பேச மாட்டார்கள். மாதிரியை வீட்டில் வைத்து, தொட்டு, முகர்ந்து, ஒரு பல்லைக் கடித்துப் பார்த்த பிறகுதான் பேச்சு. பாலைவனத்துக்கும் அதே முறைதான். ராஜஸ்தானிலிருந்து பளிங்குக்கல் ஏற்றி வந்த லாரிக்காரரிடம் சொல்லி ஒரு மூட்டை மணல் வரவழைத்தார்கள். தனுஷ்கோடிக்குப் போய்வந்த ஒருவர் இன்னொரு மூட்டை கொண்டுவந்தார். தூத்துக்குடிப் பக்கம் தேரி என்று ஒரு செம்மணல் காடு இருக்கிறது. அங்கே மச்சக்காளையே நேரில் போய் ஒரு மூட்டை அள்ளி வந்தான். மூன்றையும் சென்றாயன் வீட்டுக்குள் வரிசையாகப் பிரித்து வைத்து, ஓர் இரவு விட்டு, காலையில் கையை விட்டுப் பார்த்தார்கள்.

மூன்றும் பனிக்கட்டி போலிருந்தன.

பொம்முராசு ராஜஸ்தானைக் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டு மென்றார். துப்பினார்.

"குளிர்ந்த சரக்கு" என்றார்.

"பெரிய மச்சான், தேரியில எனக்குக் காலு பொசுங்கிப்போச்சு" என்றான் மச்சக்காளை.

"செருப்பில்லாம நடந்தியா?"

"செருப்பு போட்டிருந்தேன்."

"அப்ப செருப்புதான் சூடு. மணலை ஏன்டா சொல்ற? இந்தா, தொட்டுப் பாரு."

மச்சக்காளை தொட்டான். தன் காலை நினைத்து வெட்கப்பட்டான்.

நானும் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே இருப்பதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்தார்கள். நாமெல்லாம் வேறு எப்படி முடிவு செய்கிறோம் என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

சென்றாயன் மூட்டைகளின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். விசில் பலமாகக் கேட்டது.

"அப்ப நான் போக ஒரு இடமும் இல்லையா அண்ணே? நாட்டுல இருக்கிற பாலைவனம் எல்லாமே குளிர்ந்துபோச்சா?"

குருவம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூட்டைகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எல்லாம் குளிருன்னா அதுல ஒண்ணுக்குத்தான் போயாகணும். எதுக்குப் போனாலும் சரி, என் வீட்டு வாசல் கிழக்கே பார்க்கணும். அது வேற பக்கம் பார்த்தா நான் உள்ளே இருக்க மாட்டேன்."

பொம்முராசு நிமிர்ந்தார். வேனின் கதவு இடது பக்கம் இருந்தது. வெளியே போய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ராஜஸ்தான் வடக்கே இருக்கு. வடக்கே போனா வாசல் மேற்கே பார்க்கும். தனுஷ்கோடி கிழக்கே. வாசல் வடக்கே போயிரும். தெற்கே போனாத்தான் வாசல் கிழக்கு. தேரி தெற்கேதான் இருக்கு. தம்பி, முடிஞ்சுது. தேரி!"

இப்படியாகத் தேரி தேர்வானது. எந்த வழியில் வந்தாலும் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மலைப்பாதை ஒரே பக்கம் பார்த்துப் போகாது என்பது முதல் கொண்டை ஊசி வளைவில்தான் தெரிந்தது. வேன் வளைந்து திரும்பியதும் வாசல் மேற்கே போய்விட்டது.

"இறங்கு, இறங்கு!" என்று கத்தினார் பொம்முராசு. ஓட்டுகிற மச்சக்காளையைத் தவிர சென்றாயன், குருவம்மாள், பொம்முராசு மூன்று பேரும் இறங்கினார்கள். அடுத்த வளைவு வரை வேன் முன்னால் மெதுவாகப் போனது, அவர்கள் பின்னால் நடந்தார்கள். வளைவு திரும்பியதும் பொம்முராசு சூரியனைப் பார்த்துவிட்டு, "ஏறு!" என்றார். உட்காரும் முன்னால் அடுத்த வளைவு வந்தது. அடிவாரம் வந்தபோது சென்றாயனின் விசிலைக் கேட்டு, ரயில்வே கேட் என்று நினைத்து இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன.

ஊரிலிருந்து புறப்படும்போது மெக்கானிக் ஒருவர் மச்சக்காளையிடம், "பழைய இன்ஜின். சூடானா நிறுத்திடு. தொட்டா ஜில்லுன்னு ஆன பிறகு எடு" என்று சொல்லியிருந்தார். வழியெல்லாம் அப்படியே நிறுத்தி, வாய்க்கால் தண்ணீரை ஊற்றி, ஜில்லென்று ஆனதும் எடுத்தான். தேரிக்குள் நுழைந்த பிறகு தண்ணீரும் சூடாக இருந்தது. நின்ற வண்டி நின்றதுதான். நல்லவேளையாகத் தெற்கே பார்த்து நின்றது. சுற்றிலும் சிவப்பு மணல், நாலைந்து பனை, எதிரே ஒரு டீக்கடை. இதுதான் இடம் என்று நாற்காலியை இறக்கினார்கள்.

பொம்முராசு மணலில் காலை வைத்தார். துள்ளினார். மறுபடி வைத்தார். முகம் இறுகியது. வேன் கூரையில் கட்டிக் கொண்டுவந்திருந்த தேரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். கடைக்காரர் பெயர் லிங்கத்துரை. எதற்கும் சிரிக்காதவர்.

"அண்ணாச்சி, இந்தத் தேரிக்கு யாரு பொறுப்பு?"

"ஏன், என்ன சங்கதி?"

"மாதிரி ஒண்ணு, சரக்கு ஒண்ணா இருக்கு. எங்களுக்குக் காட்டினது குளிர்ந்த மணல். இங்க இருக்கிறது சுடுது."

"சூடுக்குத்தானவே வந்திருக்கிய?"

"அது வேற. வியாபாரத்துல நேர்மை வேணும். நீங்களே மாதிரியைத் தொட்டுப் பாருங்க."

லிங்கத்துரை மூட்டைக்குள் கையை விட்டார். வெடுக்கென்று எடுத்தார். பொம்முராசும் விட்டுப் பார்த்தார். வழியெல்லாம் வெயிலில் கிடந்த மூட்டை.

"மச்சக்காளை! வழியில எவனோ மாதிரியையும் மாத்திட்டான்டா!"

லிங்கத்துரை மூட்டையை ஒதுக்கி வைத்தார். பிறகு நான்கு டீ போட்டார்.

அதன் பிறகு நல்ல நாட்கள். சென்றாயன் காலையில் நாற்காலியில் உட்காருவார், வெயில் ஏறினால் பனை நிழலுக்கு நகருவார். காய்ந்த காற்று வீசும். விசில் முதலில் தணிந்தது. பிறகு விட்டு விட்டுக் கேட்டது. பிறகு இழுக்கும்போது மட்டும்.

ஒருநாள் விடியும்போது குருவம்மாள் கண் விழித்தாள். வண்டிக்குள் அமைதி. காதை அவர் நெஞ்சில் வைத்தாள். ஒன்றுமில்லை.

"ஐயோ, என் ராசா! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!"

தேரியே அதிர்ந்தது. வெளியே படுத்திருந்த பொம்முராசும் மச்சக்காளையும் ஓடிவந்தார்கள். சென்றாயனும் எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன குருவு?"

"உங்க விசில் நின்னுபோச்சு!"

சென்றாயன் மூச்சை இழுத்துப் பார்த்தார். விட்டுப் பார்த்தார். சத்தமே இல்லை. அவர் முகம் வெளிறியது. பொம்முராசு காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"போயிட்டான்" என்றார்.

"எனக்கும் அப்படித்தான்ண்ணே தோணுது" என்றார் சென்றாயன். "உடம்பு லேசாக் கெடக்கு. ராத்திரி ஒரு தடவைகூட முழிக்கலை. உயிரோட இருக்கிறவனுக்கு இப்படித் தூக்கம் வருமா?"

ஒப்பாரி கேட்டு லிங்கத்துரை கையில் தூக்குவாளியோடு வந்தார்.

"யாருவே செத்தது?"

"நான்தான் அண்ணாச்சி" என்றார் சென்றாயன்.

லிங்கத்துரை டீயை ஊற்றிக் கொடுத்தார். சென்றாயன் வாங்கிக் குடித்தார்.

"செத்தவரு டீ குடிக்காரு?"

"வாய்ப் பழக்கம்" என்றார் பொம்முராசு.

"நாடியைப் பிடிச்சுப் பாரும். துடிக்கா இல்லியா?"

மச்சக்காளை பிடித்துப் பார்த்தான். "துடிக்குது. ஆனா வண்டியை அணைச்ச பிறகும் ரேடியேட்டர் கொஞ்ச நேரம் தளதளன்னுதான் இருக்கும் அண்ணாச்சி."

"தொட்டுப் பாருங்கலே, உடம்பு சூடா இருக்குல்லா!"

"இந்த ஊருல மணலே சூடாத்தான் இருக்கு" என்றார் பொம்முராசு. "அதுக்கு உயிரா இருக்கு?"

லிங்கத்துரை தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். போகும்போது, பார்த்தவர்கள் சொல்கிறார்கள், தன் நாடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாராம்.

குருவம்மாள் தன் நெற்றியைத் தொட்டாள். "இந்தப் பொட்டை என்ன செய்யறது?" என்று புருஷனிடமே கேட்டாள்.

"அடக்கம் முடியிற வரைக்கும் இருக்கட்டும். அழகா இருக்கு."

"அடக்கம் எங்கே?"

"நம்ம ஊருலதான். எங்கப்பா பக்கத்துல. இந்தச் சூட்டுல என்னைப் போட்டுட்டுப் போயிடாதே."

"கவலைப்படாதீங்க மச்சான். இன்ஜின் ஜில்லுன்னு ஆனதும் கிளம்பிடலாம்" என்று மச்சக்காளை எழுந்தான். கட்டிலில் கிடந்த பாயைச் சுருட்டினான். குருவம்மாள் அம்மிக்கல்லை நகர்த்த ஆரம்பித்தாள். சென்றாயன், யாருக்கும் சிரமம் வேண்டாமென்று, நாற்காலியைத் தானே மடக்கினார். அவர்கள் மலைக்குப் போகத் தயாராகிவிட்டார்கள். மார்கழி இன்னும் பாதிகூட முடியவில்லை. மேலே குத்துப்பாறையில் குடத்துத் தண்ணீர் உறைந்துகொண்டிருந்தது.

"நில்லுங்க!" என்றார் பொம்முராசு.

எல்லோரும் நின்றார்கள்.

"உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா? இந்தப் பனியில இவனை மலைக்குக் கொண்டுபோனா இவன் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? பங்குனி முடியிற வரைக்கும் மலையே ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

குருவம்மாள் வாயில் கையை வைத்தாள். மச்சக்காளை தலையில் அடித்துக்கொண்டான்.

"நல்லவேளை சொன்னீங்க அண்ணே" என்றார் சென்றாயன். "நான் பாட்டுக்குக் கிளம்பியிருப்பேன்."

"பங்குனி போகட்டும். சித்திரை வெயில்ல கொண்டுபோய் நல்லபடியா அடக்கம் பண்ணுவோம். அதுவரைக்கும் வேளா வேளைக்குச் சாப்பிடணும். நல்லாத் தூங்கணும். இளைச்சுப்போய் ஊருக்கு வந்தேன்னா, பொணத்தைக்கூட ஒழுங்காப் பார்த்துக்கலைன்னு நம்மளைத்தான் பேசுவாங்க."

நாற்காலியை மறுபடி விரித்தார்கள். அன்றிலிருந்து சென்றாயன் மிகவும் ஒழுங்காக இருந்தார். பதநீர் குடித்தார், கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார், காலை மாலை மணலில் உலாவினார். தை முடிவதற்குள் கன்னம் உப்பி, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மாசியில் அவருக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சமிருந்தது. அதையும் பொம்முராசிடம் கேட்டுவிட்டார்.

"அண்ணே, உடம்பு இப்படியே ஏறிக்கிட்டுப் போனா, என்னைத் தூக்க நாலு பேர் பத்தாதே. நம்ம ஊர் இடுகாடு வேற ஏத்தத்துல இருக்கு."

பொம்முராசு யோசித்தார். வழக்கம்போல ஆழமாக யோசித்தார்.

"அதுக்கென்ன, நீயே நடந்து வந்துரு. ஆனா அவசரப்படாம மெதுவா ஏறு. மேல்மூச்சு வாங்கிச்சுன்னா உடம்புக்கு ஆகாது."