புளி போட்டுத் தேய்த்த மணல்

சாயப்பட்டறைகளின் புண்ணியத்தில் மடத்துக் கிணற்றுத் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன், இப்படியே இருந்தால் கிணற்றை மூடிவிடுவேன் என்று ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார். கிணறு போனால் மடமும் போனதுதான்.

மடத்தை நடத்துகிற சிவகாமி அம்மை அலட்டிக்கொள்ளவில்லை. மலைச்சுனைக்குக் கீழே கிடக்கிற கறுப்பு மணலை அள்ளிவரச் சொல்லி, அடியில் துளையிட்ட இரண்டு பானைகளில் நிரப்பினாள்.

சீடர் நாச்சிமுத்துவுக்கு அவளைவிட இருபது வயது கூட. ஓட்டல் நடத்தி ஓய்ந்தவர். மணலைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னங்கம்மா இது, கரி அப்பின மாதிரி? அழுக்கு மணலு எப்படிங்க அழுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்ணும்?"

"ஒரு பானையை உங்க இஷ்டத்துக்குச் சுத்தம் பண்ணுங்க. இன்னொண்ணைத் தொடாதீங்க."

சொன்னதுதான் தாமதம். பித்தளை அண்டா தேய்த்த கை சும்மா இருக்குமா? புளியைக் கரைத்து ஊற்றி, ஊறவைத்து, இடுப்பு ஒடியத் தேய்த்தார். கறுப்பெல்லாம் கரைந்துபோய் மணல் ரவை மாதிரி வெளுத்தது. போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை ஊரே கூடிவிட்டது. தலைவர் தோளில் சலவைத் துண்டு.

நாச்சிமுத்து முந்திக்கொண்டு தன் பானையில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். தலைவர் கீழே துண்டைப் பிடித்தார். துண்டு ரோஸ் ஆனது.

"ஓட்டல்ல ரோஸ்மில்க்கும் போட்டீங்களாண்ணா?" என்றாள் ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். நாச்சிமுத்து குனிந்து தன் பானைக்குள் எட்டிப் பார்த்தார். மடத்தை மூடியதே நான்தானோ?

அம்மை கறுப்புப் பானையில் ஊற்றினாள். தண்ணீர் இறங்குகிற வழியாகக் காணோம். தலைவர் செருமினார். அப்புறம் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. தலைவர் துண்டின் மறுமுனையை நீட்டினார்.

நனைந்தது. வெள்ளையாகவே நனைந்தது.

தலைவர் பிழிந்து பார்த்தார், வெயிலில் தூக்கிப் பார்த்தார். "கிணறு இருக்கட்டும்" என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். எல்லாரையும்விடப் பெரிதாகக் கத்தியவர் நாச்சிமுத்து.

கூட்டம் கலைந்ததும் கேட்டார்: "உள்ளே என்னதானுங்க நடக்குது?"

"மணலுக்கு உள்ளே ஒண்ணும் நடக்கலை. அதுக்கு மேலே படிஞ்ச அந்தக் கறுப்பு, சுனைத் தண்ணியில வர்ற ஒரு உலோகத்தோட துரு. சாயம் அதைத் தொட்டா ஒட்டிக்கும். ஒட்டினா உடைஞ்சுபோகும்."

"அதைத்தான் நான் தேய்ச்சுக் கொட்டிப்போட்டனா!"

நாச்சிமுத்து வெளுத்த மணலைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றினார்.

"சுனையடியிலேயே போட்டுட்டு வர்றேனுங்க. மறுபடி கறுக்க எவ்வளவு காலமாகும்?"

"நீங்க புளியைக் கொண்டு போகாம இருந்தா, தானா கறுக்கும்."